நாற்றம் வராத கறியில் எதைத் தேடுகிறோம்

உணவில் நுண்ணுயிரி சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தவுடன் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் முதலில் கேட்பது, "கறி நல்ல கறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பதுதான். நிறம் எப்படி இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டுமா, கையில் பிசுபிசுப்பு ஒட்டலாமா, வாடை எப்படி இருந்தால் வாங்கக் கூடாது என்பது போன்ற விளக்கத்தையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இவையெல்லாம் கறி புதியதா பழையதா என்பதைச் சொல்லும் அடையாளங்கள். அந்தக் கறி நோய் தருமா தராதா என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. கெட்டுப்போவதும் நோய்க்கிருமி ஏறுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பது தெளிவாகாததாலேயே, "சாப்பிடும்போது நன்றாகத்தானே இருந்தது" என்ற வாக்கியத்தை மருத்துவமனை வாசலில் நாம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

கறியில் நாற்றத்தை உண்டாக்குபவை பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற, குளிரிலும் வளரக்கூடிய பாக்டீரியாக்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 1 கோடியைத் தொடும்போதுதான் நம் மூக்குக்கு வாடை எட்டுகிறது. அதற்கும் மேலே போகும்போது வழுவழுப்பு தெரிகிறது. நோய் தரும் பாக்டீரியாவான சால்மோனெல்லாவோ 25 கிராம் கறியில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தாலே ஆபத்துதான். அந்த அளவில் அது நிறத்தையோ மணத்தையோ சுவையையோ மாற்றாது. வாடை அடிக்கும் கறியைத் தூக்கி எறிவது சரி. வாடை அடிக்காத கறியை அந்த ஒரு காரணத்துக்காக நம்புவதுதான் சரியில்லை.

இந்த உண்மை மருத்துவ உலகுக்கு உறைத்த நிகழ்வுகளில் ஒன்று 1888-இல் ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசன் என்ற ஊரில் நடந்தது. நோய்வாய்ப்பட்டிருந்த ஒரு பசுவை அவசரமாக அறுத்து அதன் இறைச்சியை விற்றிருந்தார்கள். அதைத் தின்ற பலர் நோயில் விழ, ஓர் ஆள் இறந்துபோனார். ஆகஸ்ட் கேர்ட்னர் என்ற மருத்துவர் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உறுப்புகளிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதைச் சால்மோனெல்லா எண்டெரிடிடிஸ் என்கிறோம். உணவில் கிடைத்ததும் நோயாளியிடம் கிடைத்ததும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அன்றிலிருந்து அடிப்படையில் மாறவில்லை; ஒப்பிடும் கருவிகள்தாம் நுணுக்கமாகியிருக்கின்றன.

சால்மோனெல்லாவைத் தேடுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் "காலையில் கொடுத்தால் மாலையில் சொல்லிவிடுவீர்களா?" என்ற கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. 25 கிராம் கறியை எடுத்து 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் (பாக்டீரியா வளரச் சத்துள்ள நீர்) போட்டு, பையோடு சேர்த்து நன்றாக அடித்துக் கலக்கி, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு முழுவதும் வைக்கிறோம். இந்தக் கட்டத்தில் எதையும் கொல்வதில்லை, வடிகட்டுவதும் இல்லை. குளிரிலும் உப்பிலும் சூட்டிலும் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் பாக்டீரியாவுக்கு முதலில் தெம்பு கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேராகக் கடுமையான ஊடகத்தில், அதாவது மற்ற பாக்டீரியாக்களை அடக்கும் வளர்ப்புக் கலவையில், போட்டால் அவை அங்கேயே மடிந்துவிடும், நாமும் "இல்லை" என்று தவறாக எழுதிவிடுவோம். மறுநாள் அதிலிருந்து சிறிதளவு எடுத்து, மற்ற பாக்டீரியாக்களை அடக்கிச் சால்மோனெல்லாவை மட்டும் தழைக்கவிடும் இரண்டு திரவங்களில் இட்டு, ஒன்றை 41.5 டிகிரியிலும் மற்றதை 37 டிகிரியிலும் இன்னொரு நாள் வைக்கிறோம். மூன்றாம் நாள் அந்தத் திரவத்தை லூப் என்ற வளையக் கம்பியால் தொட்டு, எக்ஸ்எல்டி என்ற சிவப்பு அகார் (கூழ் போல் உறைந்த வளர்ப்பு ஊடகம்) தட்டில் கோடு இழுக்கிறோம்.

நான்காம் நாள் காலையில் இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் அந்தக் கணத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மனம் ஒரு முறை படபடக்கத்தான் செய்யும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா இருந்தால் தட்டு மஞ்சளாகியிருக்கும். சால்மோனெல்லா இருந்தால், ஓரம் ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பாகவும் நடுவில் மை தொட்டு வைத்தாற்போல் கரும்புள்ளியோடும் சிறு காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டான திட்டுகள்) நிற்கும். அது வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு, ஊடகத்தில் உள்ள இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. ஆனால் கறுப்பைப் பார்த்தவுடன் எழுதிவிட முடியாது; புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவும் இதே வேடத்தில் வரும். யூரியா உள்ள குழாயில் போட்டால் புரோட்டியஸ் அதைக் கரும் இளஞ்சிவப்பாக மாற்றும், சால்மோனெல்லா மாற்றாது. கடைசியில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எதிர்சீரத்தோடு (சால்மோனெல்லாவைப் பிடித்து ஒட்டவைக்கும் எதிர்ப்புப் பொருள் உள்ள நீர்மம்) காலனியைக் குழைத்து முன்னும் பின்னும் சாய்த்தால், பால் போல் கலங்கியிருந்தது ஒரு நிமிடத்துக்குள் பொடிப்பொடியாகத் திரியும். அந்தத் திரிதலைப் பார்த்த பிறகுதான் "25 கிராமில் சால்மோனெல்லா காணப்பட்டது" என்று எழுத முடியும். அதற்குள் ஐந்து நாள் ஆகிவிடும். அந்தக் கறியும் எப்போதோ சமைத்து உண்ணப்பட்டிருக்கும்.

சால்மோனெல்லாவில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வேறு சிலவற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது கேள்வி. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நம் மூக்கிலும் தோலிலும் சிறு காயத்திலும் குடியிருப்பது. உணவில் ஓரிரண்டு விழுந்தால் எதுவும் ஆகாது. ஒரு கிராமில் லட்சத்தைத் தாண்டிப் பெருகினால் அது விடும் நச்சு, சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் குடலைப் புரட்டி வாந்தியெடுக்க வைக்கும். பிலிப்பைன்ஸில் பணியாற்றிய பார்பர் என்ற ஆய்வாளர், ஒரு பசுவின் பாலைக் கறந்தவுடன் குடித்தபோது ஒன்றும் ஆகாததையும், அதே பாலைச் சில மணி நேரம் வெளியே வைத்துக் குடித்தபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்ததையும் தம் உடம்பிலேயே சோதித்து 1914-இல் எழுதினார். காரணம் அந்தப் பசுவின் மடியிலிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ்.

இந்த நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. மதியம் வைத்த கறிக்குழம்பை வெளியிலேயே விட்டுவிட்டு இரவு "நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டோம்" என்று நிம்மதி அடைபவர்கள் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறார்கள். அது விட்டுப்போன நச்சை அப்படியே பரிமாறுகிறார்கள். இதில் ஆய்வகத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் குழம்பை நாங்கள் ஸ்டஃபைலோகாக்கஸை வளர்க்கும் பெயர்ட்-பார்க்கர் தட்டில் இட்டால் ஒரு காலனியும் வராது. தட்டை மட்டும் நம்பி எழுதினால் பத்துப் பேரை வாந்தியெடுக்க வைத்த குழம்புக்கு நற்சான்று கொடுத்தவர்களாவோம். ஆகவே நச்சையே நேரடியாகக் காட்டும் எலைசா சோதனையோ, சூட்டுக்கு அசையாத தெர்மோநியூக்ளியேஸ் என்ற நொதியைத் தேடும் சோதனையோ செய்ய வேண்டும். எத்தனை பேர் எத்தனை மணி நேரத்தில் வாந்தியெடுத்தார்கள் என்ற விவரம் சாம்பிளோடு வந்தால்தான் அதைத் தேட வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றும். பெரும்பாலும் அந்த விவரம் வருவதில்லை. பொட்டலத்தின் மேல் "சிக்கன் குழம்பு, 1" என்று மட்டும் எழுதியிருக்கும்.

கறிக்கடைகளில் நாங்கள் கறியைவிட அதிகமாகப் பார்ப்பது கட்டையைத்தான். நம் ஊர்களில் கறி வெட்டும் கட்டை பெரும்பாலும் புளிய மரத்தில் அறுத்தது. பல மாதம் வெட்டு வாங்கி நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் கத்தித் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள சட்டத்தை அதன் மேல் வைத்து, ஈரப்படுத்திய ஸ்வாபை (பஞ்சு சுற்றிய குச்சி) இடமும் வலமும், பிறகு மேலும் கீழும் அழுத்தித் தேய்த்து எடுப்போம். கட்டையின் ஓரத்தில் எடுத்த ஸ்வாபுக்கும் பள்ளத்தில் எடுத்த ஸ்வாபுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கடைக்காரரிடம் தட்டோடு காட்டினால் அவர் வேறு விளக்கம் கேட்பதில்லை. மாலையில் கடை அடைக்கும்போது கட்டையைக் கத்தியால் சுரண்டிக் கல்லுப்பைத் தூவிவைக்கும் பழக்கம் நல்ல பழக்கம். உப்பு ஈரத்தை உறிஞ்சிப் பலவகைக் கிருமிகளை அடக்குகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் மட்டும் உப்புக்கு அஞ்சாது. அதைத் தேடுவதற்கு 7.5 விழுக்காடு உப்புள்ள அகாரையே நாங்கள் பயன்படுத்துகிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக்கு முன் கொதிநீரும் தேவை என்று சொல்வது அதனால்தான்.

பிராய்லர் கடையில் கவனிக்க வேண்டியது, இறகு நீக்கிய கோழிகளை முக்கி எடுக்கும் தண்ணீர். கோழியின் குடலில் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டர் என்ற இன்னொரு நோய்க்கிருமியும் கோழிக்கு எந்தத் தொந்தரவும் தராமல் வாழக்கூடியவை. குடலை எடுக்கும்போது ஒரு கோழியில் கிழிந்தால், அடுத்தடுத்து அதே வாளியில் முக்கப்படும் கோழிகள் எல்லாவற்றுக்கும் அது போகிறது. அடுப்பில் ஏறிய பிறகு இவை இறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கோழியை வெட்டிய கத்தியாலேயே பச்சையாகத் தின்னும் வெங்காயத்தை வெட்டினால், அந்த வெங்காயம் அடுப்புக்குப் போவதில்லை.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுச் சிறுமி இறந்தாள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகளிடம் ஷிகெல்லா என்ற குடல் நோய்க்கிருமி உறுதியானது. அந்தக் கடையில் எடுத்த கோழி ஷவர்மாவில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்ததாக அரசு தெரிவித்தது. அங்கிருந்த மிளகுத்தூளிலும் சால்மோனெல்லா இருந்தது. இந்த மிளகுத்தூளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அந்த அறிக்கையிலேயே மிக முக்கியமான செய்தியாகப் பட்டது அதுதான். உலர்ந்த பொடியில் சால்மோனெல்லா பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். வெந்த கறியின் மேல் அதைத் தூவினால், ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தவுடன் வேலையைத் தொடங்கும். கறியை மட்டும் சாம்பிள் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்த வழி தெரியாமலே போயிருக்கும்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஷவர்மா சாப்பிட்ட பின் இறந்தபோது தமிழ்நாடு முழுவதும் சோதனைகள் நடந்தன. கிலோக்கணக்கில் கறியை அழித்த படங்கள் வெளிவந்தன. ஷவர்மாக் கம்பியில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அந்தப் படங்களில் தெரியாது. நெருப்பைப் பார்த்த வெளிப்புறம் வெந்து கருகியிருக்க, உட்புறம் நோய்க்கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் இருக்கிறது. கூட்டம் அதிகமானால் வேகாத அடுக்கு வரை சீவிக் கொடுக்கிறார்கள். கூட்டம் குறைந்தால் தணலைக் குறைத்துவைக்கிறார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில், ஏதுவான சூழல் அமைந்தால் ஈ.கோலை போன்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். கம்பியின் நடுவில் ஒரு வெப்பமானியைக் குத்திப் பார்ப்பது எங்கள் ஐந்து நாள் சோதனையைவிட வேகமாக உண்மையைச் சொல்லிவிடும். அதனோடு வைக்கும் மயோனைஸில் பச்சை முட்டை சேர்ப்பது வேறொரு வழி. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடைசெய்த ஆணை சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அதை நான் முழு மனத்தோடு வரவேற்றேன்.

தெருக்கடை என்றாலே அசுத்தம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையேந்தி பவனில் ஆவி பறக்க எடுத்துவைக்கும் இட்லியையும், எண்ணெயிலிருந்து நேரே தட்டுக்கு வரும் வடையையும் சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் வளர்வதில்லை. பக்கத்தில் எவர்சில்வர் வாளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னிதான் வேறு. புளிப்பு இல்லை, ஈரமும் சத்தும் நிறைய இருக்கின்றன, அரைத்த பிறகு அடுப்பைப் பார்ப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் வரலாறும் அதில் இருக்கிறது. பானிபூரிக் கடையில் பூரியில் குற்றமில்லை; கை மணிக்கட்டு வரை இறங்கி ஏறும் அந்தப் பானையில்தான் இருக்கிறது. கடை திறந்தவுடன் அந்தப் பானையிலிருந்து எடுத்த சாம்பிளுக்கும் கூட்டம் ஓய்ந்த பிறகு எடுத்ததற்கும் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு பூஜ்யங்கள் கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில், மதியமே வடித்து ஆறவிட்ட சாதம் மலை போல் குவிந்திருக்கும். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வடிக்கும் சூட்டில் சாவதில்லை. ஆறும் சாதத்தில் முளைத்துப் பெருகி, வாந்தியைத் தூண்டும் நச்சை விடுகின்றன. இரும்புச் சட்டியில் எவ்வளவு ஓங்கிய தீயில் புரட்டினாலும் அந்த நச்சு கலங்காது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃப்ரைடு ரைஸ் தின்றவர்களுக்கு வந்த வாந்தியைத் தொடர்ந்தே இது வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் கடைக்காரர்களுக்கு ஐந்து நாள் சோதனையால் உடனடிப் பயனில்லை. அவர்களுக்குப் பயன்படுவது எளிய தண்ணீர்ச் சோதனை. ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் முறையை 1982-இல் இந்திய ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். மருந்து தோய்த்த தாள் உள்ள பாட்டிலில் தண்ணீரை நிரப்பி அறை வெப்பத்திலேயே வைத்தால், மலக்கலப்பு இருக்கும் பட்சத்தில் ஓரிரு நாளில் கறுத்துவிடும். துல்லியத்தில் ஆய்வகத்துக்கு ஈடாகாது. ஆனாலும் தம் குடத்துத் தண்ணீர் தம் கண்ணெதிரே கறுப்பதைப் பார்த்தவருக்கு அதன் பிறகு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது.

விரைவுச் சோதனைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மின்மினிப்பூச்சியின் ஒளிரும் நொதியைக் கொண்டு செய்யும் ஏடிபி (உயிரணுக்களில் இருக்கும் ஆற்றல் மூலக்கூறு) சோதனை, மேசையும் கத்தியும் சுத்தமா என்பதைச் சில நொடிகளில் எண்ணாகக் காட்டும். அந்த எண் பாக்டீரியாவால் வந்ததா, ஒட்டியிருந்த கறித்துணுக்கால் வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறை சால்மோனெல்லாவின் மரபணுவை ஒரு நாளைச் சற்றே தாண்டிய நேரத்தில் காட்டிவிடும். ஓர் இரவு வளர்த்தெடுக்கும் வேலை அதிலும் உண்டு, செத்த பாக்டீரியாவின் மரபணுவும் அதில் தெரியக்கூடும் என்பதால் தட்டில் உறுதிசெய்தே ஆக வேண்டும். நிறம் மாறும் பட்டைகளும் கறியின் புத்துணர்வை அளப்பதாகச் சொல்லும் கருவிகளும் பெரும்பாலும் புரதம் சிதையும்போது வரும் வாயுக்களையே பார்க்கின்றன. மூக்கு செய்யும் வேலையைச் செய்கின்றன, அதற்கு மேல் இல்லை.

எந்த முறையானாலும் சாம்பிள் எடுப்பதில் தவறினால் பிற்பாடு செய்யும் எதற்கும் மதிப்பில்லை. பாலில் வேதிப் பகுப்பாய்வுக்காக ஃபார்மலின் சேர்த்து அனுப்புவதுண்டு. அதே பாலில் பாக்டீரியா தேடச் சொன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும்? ஐஸ் இல்லாமல் பேருந்தில் வரும் கறி, வழியிலேயே தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகள் சால்மோனெல்லாவுக்கு ஒரு தொகுப்பிலிருந்து ஐந்து சாம்பிள் எடுக்க வேண்டும், ஐந்தில் ஒன்றில்கூட இருக்கக் கூடாது என்கின்றன. கிருமி கறி முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை; ஒரு மூலையில் இருக்கும், இன்னொரு மூலையில் இருக்காது. ஆகவே "காணப்படவில்லை" என்ற எங்கள் சொல் நீங்கள் அனுப்பிய அந்த 25 கிராமுக்கு மட்டுமே பொருந்தும். அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. ஓர் உயிர் போன பிறகு ஒரு வாரம் நடக்கும் அதிரடிச் சோதனைகளைவிட, மாதந்தோறும் தண்ணீரையும் கட்டையையும் கையையும் பார்த்துக் கடைக்காரரிடமே முடிவைக் கொடுக்கும் வழக்கம் வந்தால் இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் உண்மையாகவே பயன்பட முடியும்.

வீட்டில் யாருக்காவது உணவால் வாந்தியும் பேதியும் என்று சந்தேகம் வந்தால், முதல் வேலையாகப் பாத்திரத்தைக் கழுவிவிடாதீர்கள். மிச்சத்தைக் கை படாமல், கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்து, குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம், ஏனெனில் குழம்பிலும் பிரியாணியிலும் வரும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா உறைந்தால் பெருமளவு செத்து எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி, காய்ச்சல் உண்டா, உடன் சாப்பிட்டவர்களில் யாருக்கு வரவில்லை, அவர்கள் எதைச் சாப்பிடவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே மலச் சாம்பிள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஒரு வேளை மருந்து உள்ளே போய்விட்டாலே தட்டில் வளராமல் போகக்கூடும், உணவில் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் எதுவும் மிஞ்சாது.